மானியம் பாயும் வாய்க்கால்

நோயுற்றவன் வைத்தியனை நினைக்கின்றான். நோய் நீங்கியவன் மருந்தை நினைக்கின்றான். அம்மருந்து அந்நோயைத் தீர்க்கும் என்று கண்டறிவதற்காக ஒருவன் பத்தாண்டோ இருபதாண்டோ ஆராய்ச்சிசாலையிலே குனிந்த தலை நிமிராது இருந்தானே, அவனுக்கு அக்காலமெல்லாம் ஊதியம் அளித்தவர் யார், கருவி வாங்கிக் கொடுத்தவர் யார் என்று நினைப்பவர் மிக அரியர். ஆராய்ச்சி அறிவினால் மட்டும் நடப்பதன்று, பொருளினாலும் நடப்பது. மருந்து வணிகர் தம் ஆதாயம் கருதிச் செலவிடும் பொருள் ஒருபுறம் நிற்க, ஆதாயம் கருதாத ஆராய்ச்சிக்கு உலகெங்கும் அடிப்படையாய் நிற்பது அரசாங்க மானியமே. அம்மானியம் எவர்க்குக் கிடைக்கின்றது, எந்நோய்க்குக் கிடைக்கின்றது, எவ்வூரைச் சென்றடைகின்றது, எவ்வூரை எட்டிப் பாராது போகின்றது என்பன விஞ்ஞானிகளின் வீட்டுக் கணக்கு அல்ல. நாம் குடிக்கும் நீரும் நம் பிள்ளைகளின் உடல்நலமும் அக்கணக்கினுள்ளே அடங்கியிருக்கின்றன.

மானியம் என்னுஞ் சொல், மதிக்கத்தக்கது என்னும் பொருளையுடைய வடசொல்லின் வழி வந்தது. கோயிலுக்கும் கற்றோர்க்கும் தொழில் வல்லோர்க்கும் அரசர் இறையிலியாக விட்ட நிலத்தை அது முதலிற் குறித்தது; பின்னர் அரசாங்கம் ஒரு காரியத்துக்கென ஒதுக்கும் உதவிப் பொருளைக் குறிக்கலாயிற்று. வைத்தியத்துக்கு மானியம் அளிக்கும் வழக்கம் தமிழ் நாட்டுக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலிலே, 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று உண்டு. அங்கிருந்த ஆதுலர்சாலையில் நோயாளர்க்கு 15 கிடக்கைகள் இருந்தமையையும், வைத்தியர், சல்லியக் கிரியை செய்வோர், மருந்து மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு நெல்லும் காசும் வகுக்கப்பட்டமையையும் அச்சாசனம் விரித்துரைக்கின்றது. நம் யாழ்ப்பாணத்திலும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் ஆரியச் சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. புலவனையும் வைத்தியனையும் அரசு புரந்த காலத்தின் அடையாளங்கள் அவை.

ஆயினும் ஒரு வேற்றுமையை ஈண்டு மறத்தலாகாது. அரசர் அளித்த மானியம் அறிந்த வைத்தியத்தைச் செய்வதற்கும், அறிந்த நூலைக் காப்பதற்கும் உரியது. அறியாததை அறிவதற்கென்றே பொருள் ஒதுக்குதல் வேறு. கண்டுபிடிப்பான் என்னும் உறுதி இல்லாத ஒருவனுக்கு, கிடைக்கும் என்னும் உறுதி இல்லாத ஒன்றைத் தேடுவதற்காக, ஊர்ப் பொதுப் பணத்தை எடுத்துக் கொடுக்கும் துணிவு அது. அத்துணிவு அரசாங்கங்களுக்கு உண்டாகி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டே ஆகின்றது.

ஒரு பெனியும் ஓர் ஆராய்ச்சி நிலையமும்

பிரித்தானியாவிலே 1911ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டம் தொழிலாளர் ஒவ்வொருவர் பேரிலும் ஆண்டுக்கு ஒரு பெனி ஆராய்ச்சிக்கென ஒதுக்க இடஞ் செய்தது. அக்காலத்துப் பெருங்கொடுமையான சயரோகத்தை மனத்திற் கொண்டு செய்யப்பட்ட ஒதுக்கம் அது. அந்தப் பெனிகளைக் கொண்டே 1913இல் வைத்திய ஆராய்ச்சிக் குழு அமைந்தது. 1920இல் அது வைத்திய ஆராய்ச்சிக் கழகமாயிற்று. ஸ்திரெப்டோமைசின் என்னும் மருந்து சயரோகத்தைத் தணிக்குமா என்று நோயாளரைக் குறிப்பின்றிப் பகுத்து ஒப்பிட்டுப் பார்த்த புகழ்பெற்ற சோதனையை அக்கழகமே நடத்தி 1948இல் வெளியிட்டது. இன்று உலகிற் பெரும்பாலான புதிய மருந்துகள் அம்முறையான சோதனைக்கு உட்பட்டே வெளிவருகின்றன. தொழிலாளர் பேரால் ஒதுக்கிய ஒரு பெனி எவ்வளவு தூரம் சென்றது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

இந்தியாவிலும் அதே 1911ஆம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் தொடங்கப்பட்டது. சுதந்திரத்தின் பின், 1949இல், அது இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் மாறிற்று. அக்கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரித்தானிய வைத்திய ஆராய்ச்சிக் கழகமும் கூடி 1956இல் சென்னையிலே சயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தன. அந்நிலையம் எடுத்துக் கொண்ட வினா ஏழைகளின் வினா. சயரோகிகளைச் சுகவனங்களிலே மாதக்கணக்காக வைத்து நல்லுணவும் ஓய்வும் கொடுத்தாலன்றி நோய் தீராது என்பது அக்கால நம்பிக்கை. இந்தியாவின் இலட்சோபலட்சம் நோயாளருக்கு அத்தனை கிடக்கைகளை எங்கே தேடுவது? வீட்டிலிருந்தே மருந்துண்டால் என்ன? நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சுகவனத்திலும் மற்றப் பிரிவினரை நெருக்கமான ஏழைக் குடில்களிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தோரும் சுகவனத்திலிருந்தோரைப் போலவே குணமடைந்தனர். உடன் வாழ்ந்த சுற்றத்தார்க்கும் அதனாற் கூடுதலான கேடு விளையவில்லை. உலகெங்கும் சுகவனங்கள் மூடப்படுவதற்கு இச்சென்னை ஆராய்ச்சி பெருங்காரணமாயிற்று. செல்வ நாட்டார் தமக்கு வேண்டாமையாற் கேளாதிருந்த வினாவை ஏழை நாட்டார் தாமே கேட்டனர். விடையோ இருவர்க்கும் பயன்பட்டது.

மானியம் செல்லும் போக்கு

நம் தோட்டங்களிலே இறைப்பு நடக்கும்போது வாய்க்காலின் தலைப்பில் உள்ள பாத்தி முதலில் நிரம்பும். தண்ணீர் மாறி விடுபவன் கண்ணுங் கருத்துமாய் இராவிடின் தலைப்பாத்தி அழுகும், கடைப்பாத்தி காயும். ஆராய்ச்சி மானியமும் இவ்வாறே ஓடுகின்றது. அதன் போக்கிலே நான்கு இயல்புகளைக் காணலாம்.

முதலாவது, பொருள் அச்சத்தோடு வருகின்றது, அச்சத்தோடு போகின்றது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் 1935 வரை நீடித்து ஏறத்தாழ 80,000 உயிரைக் கொண்டது. அதன்பின் அரசாங்கம் விழித்தது. நுளம்பு ஆராய்ச்சியும், 1946 முதல் டி.டி.ரி. தெளிப்பும் பரவின. 1963இல் நாடு முழுவதிலும் காணப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேரே. நோய் ஒழிந்தது என்று கருதித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1960களின் இறுதியில் மலேரியா மீண்டும் எழுந்து ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிற்று. பின்னர் நெடுங்காலம் உழைத்தே, 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில், மலேரியா நீங்கிய நாடு என்னும் சான்றை உலக சுகாதார ஸ்தாபனத்திடம் நாம் பெற்றோம். அதே ஆண்டிலேயே, நகரக் கிணறுகளில் வளரவல்ல புதியதொரு மலேரியா நுளம்பு மன்னாரிற் காணப்பட்டது. பின் யாழ்ப்பாணத்திலும் அது இருத்தல் தெரிய வந்தது. நோய் இல்லாத காலத்து ஆராய்ச்சி வீண் செலவு என்று சொல்வோர் 1963ஐயும் 2016ஐயும் ஒருங்கே வைத்துப் பார்ப்பாராக.

இரண்டாவது, உள்ளவர்க்கே மேலும் சேர்கின்றது. றொபேட் மேட்டன் என்னும் அமெரிக்க சமூகவியல் அறிஞர், புகழ் பெற்ற விஞ்ஞானிக்கே மேலும் புகழும் வசதியும் குவிதலை 1968இல் எடுத்துக் காட்டி, மத்தேயு சுவிசேஷத்தில் வரும் ஒரு கருத்தை நினைந்து, அதற்கு மத்தேயு விளைவு என்று பெயரிட்டார். உலகில் வைத்திய ஆராய்ச்சிக்கு மிகுந்த பொதுப் பணம் வழங்குவது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிலையங்கள் என்னும் அமைப்பு. அதன் மானியங்களை 2011இல் ஆராய்ந்தவர்கள், கறுப்பின விஞ்ஞானிகளின் விண்ணப்பங்கள் வெள்ளையருடையவற்றிலும் குறைவாகவே வெற்றி பெறுகின்றன என்றும், கல்வியையும் அனுபவத்தையும் ஒப்ப வைத்துக் கணக்கிட்ட பின்னும் ஏறத்தாழ நூற்றுக்கு 10 என்னும் இடைவெளி எஞ்சுகின்றது என்றும் கண்டனர். 1980ஐ ஒட்டி முதற் பெருமானியம் பெறும் விஞ்ஞானியின் வயது சராசரி 36 அளவில் இருந்தது. பின்னர் அது 42ஐயும் கடந்தது. புதுவழி காணும் துணிவு மிக்க இளமைக் காலமெல்லாம் காத்திருத்தலிலே கழிகின்றது.

மூன்றாவது, பொருள் திடீரெனப் பெருகுதலும் திடீரென நிற்றலும் தரும் கேடு. அமெரிக்கா 1998க்கும் 2003க்கும் இடையில் அவ்வாராய்ச்சிப் பணத்தை இரட்டித்தது. பல்கலைக்கழகங்கள் கட்டடம் எழுப்பின, மாணாக்கரைச் சேர்த்தன. பின் பல ஆண்டு பணம் ஏறவில்லை. விண்ணப்பித்தோரில் மூவரில் ஒருவர் அளவு பெற்று வந்த மானியத்தை ஐவரில் ஒருவரே பெறலாயினர். மாரி ஒரு நாளிற் கொட்டித் தீர்ப்பதிலும் பருவம் தவறாது தூறுவதே பயிருக்கு நன்று என்பதை நம் உழவர் அறிவர்.

நான்காவதே நம்மை மிக அடுத்துத் தொடுவது. வறியோர் நோய் கடைசிப் பாத்தியில் நிற்கின்றது. அபிவிருத்திக்கான சுகாதார ஆராய்ச்சி பற்றிய சர்வதேச ஆணைக்குழு 1990இல் வெளியிட்ட அறிக்கை, உலகத்து அகால மரணச் சுமையில் நூற்றுக்கு 93 பங்கு வளர்முக நாடுகளிலே கிடக்க, அந்நாடுகளின் பிரச்சினைகளுக்கென நடக்கும் ஆராய்ச்சிக்கு உலக ஆராய்ச்சிப் பணத்தில் நூற்றுக்கு 5 அளவே சென்றது என்று காட்டிற்று. ஒவ்வொரு வளர்முக நாடும் தன் சுகாதாரச் செலவிலே நூற்றுக்கு 2 பங்கையேனும் தன் நாட்டுக்கு இன்றியமையாத ஆராய்ச்சிக்கு ஒதுக்க வேண்டும் என்றும் அவ்வறிக்கை பரிந்துரைத்தது.

இலங்கையின் நிலை

நம் நாட்டில் வைத்திய ஆராய்ச்சியின் முதல் இல்லமே ஒரு தனிக் குடும்பத்தின் கொடையால் எழுந்தது. டி சொய்சா குடும்பத்தார் வழங்கிய பொருளைக் கொண்டு 1900இல் கொழும்பிலே நுண்கிருமி ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இன்றைய வைத்திய ஆராய்ச்சி நிலையம் அதுவே. இத்தாலியரான அல்டோ கஸ்ரெலானி கொழும்பிலே பணியாற்றுங் காலத்தில், பறங்கிப்புண்ணுக்குக் காரணமான கிருமியை 1905இல் கண்டார். அரசாங்கம் ஆராய்ச்சிக்கென முறையாக நிறுவனம் அமைத்தது பின்னரே. 1968இல் தேசிய விஞ்ஞானப் பேரவை தோன்றி, 1981இல் வேறோர் அதிகார சபையாகி, 1998 முதல் தேசிய விஞ்ஞான மன்றமாக நிற்கின்றது. பெயர் மாறியவாறு பொருள் ஏறவில்லை. எல்லாத் துறை ஆராய்ச்சிக்குமாக நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒரு வீதத்தின் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே நெடுங்காலமாக இருந்து வருகின்றது.

அச்சிறு மானியமும் ரூபாவிலே அளக்கப்படுவது. ஆராய்ச்சிசாலைக்கு வேண்டிய இரசாயனப் பொருள்களோ டொலரிலே விலைபேசப்படுவன. 2022ஆம் ஆண்டு மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவாயிற்று. அவ்வாண்டுத் தொடக்கத்தில் மானியம் பெற்ற ஒருவருடைய பணத்தின் வலிமை, ஒரு கட்டளையுமின்றி, மூன்று மாதத்தில் ஏறக்குறையப் பாதியாயிற்று.

வடமத்திய மாகாணத்து உழவரைப் பற்றிய சிறுநீரக நோய், 1990களிலேயே வைத்தியர் கண்ணிற் பட்டது. காரணம் விளங்காத அந்நோயைப் பற்றித் தேசிய விஞ்ஞான மன்றமும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து பொருள் அளித்த பேராய்வு 2009இலேயே தொடங்கிற்று. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. அழுவதற்கு வலுவில்லாத பிள்ளை என்ன செய்யும் என்று அப்பழமொழி சொல்லவில்லை.

நம் குடாநாட்டைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடையே தங்கும் மழைநீரே கிணற்று நீர். குடிப்பதும் அதுவே, தோட்டத்துக்கு இறைப்பதும் அதுவே. தோட்டத்திலிடும் செயற்கை உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் அக்கல்லின் வெடிப்புகளூடே அந்நீரையே சேர்கின்றன. நைத்திரேற்று என்னும் உப்பு பல கிணறுகளில் அளவு கடந்திருத்தலை ஆராய்ச்சியாளர் 1980களிலேயே எடுத்துக் காட்டினர். லீற்றர் ஒன்றுக்கு 50 மில்லிகிராம் வரையே உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை. அதனை மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். பெரியோர் நாற்பதாண்டு ஐம்பதாண்டு அந்நீரைக் குடித்தால் யாது நேரும்? இவ்வினாவுக்கு ஓராண்டு மானியம் விடை தராது. ஒரே ஊரார் பலரை இருபதாண்டு தொடர்ந்து பார்க்கும் ஆராய்ச்சி வேண்டும். 1983 முதல் 2009 வரை நீண்ட போர் அத்தகைய தொடர்ச்சிக்கு இடந்தரவில்லை. 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது என்னும் செய்தி எழுந்தபோது குடாநாடே கலங்கிற்று; கூட்டம் கூடிற்று; குழுக்கள் அமைந்தன. எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆதலால் அதற்கு ஊர்வலமும் இல்லை.

இங்கிருந்தே செய்த ஆராய்ச்சி வீண் போவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. டெங்கு நுளம்பு நன்னீரிலேதான் வளரும் என்பது நூல்களெல்லாம் ஒருமுகமாய்ச் சொல்லி வந்த செய்தி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விலங்கியல் அறிஞர் சுரேந்திரனும், நோய் எதிர்ப்பியல் அறிஞர் ரஞ்சன் இராமசாமியும், அவர்தம் குழுவினரும், கைவிடப்பட்ட கரையோரக் கிணறுகளையும் தோணிகளையும் தேடிப் பார்த்து, உவர் கலந்த நீரிலும் அது வளர்தலை 2011ஐ ஒட்டி உலகுக்கு அறிவித்தனர். கடற்கரையூரில் வாழ்பவர்க்கே அக்கிணற்றை எட்டிப் பார்க்கத் தோன்றும்.

பிறர் கைப் பொருள்

அரசாங்கம் தராவிடினும் வெளிநாட்டார் தருவாரன்றோ என்பர் சிலர். வெளிநாட்டார் கொடையை நாம் இகழ்வதற்கில்லை. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கு வந்து, மானிப்பாயிலே அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியரைப் பயிற்றினார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய மேனாட்டு வைத்திய, விஞ்ஞான நூல்களைத் தமிழிலே ஆக்கினார். ஆனால் அதே மிசனின் வரலாறு மற்றொன்றையும் கற்பிக்கின்றது. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தன. அதன் விளைவாக யாழ்ப்பாணத்திலே மிசன் பாடசாலைகள் பல மூடப்பட்டன. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரி, பொஸ்ரனில் வகுத்த கொள்கை மாறியமையால் 1855இல் மூடப்பட்டது. வட்டுக்கோட்டையார் செய்த குற்றம் ஒன்றுமில்லை. 2025இலும் இதுவே நிகழ்ந்தது. அமெரிக்க அரசாங்கம் மாறியபின் அந்நாட்டு வெளிநாட்டு உதவி நிறுவனம் கலைக்கப்பட்டது. தேசிய சுகாதார நிலையங்களின் மானியங்கள் பல இடைநடுவில் நிறுத்தப்பட்டன. பிறநாட்டு ஆராய்ச்சியாளர்க்குப் பகிர்ந்தளிக்கும் வழியும் அடைபட்டது. பிறர் கிணற்றை நம்பி வைத்த நாற்று, அவர் துலாக் கயிற்றை அவிழ்த்த அன்றே வாடும்.

மற்றொரு வாதமும் உண்டு. விஞ்ஞானத்துக்கு ஊர் ஏது, திறமை ஒன்றையே பார்த்துக் கொடுப்பதன்றோ முறை என்பது அவ்வாதம். திறமையைப் பார்த்தல் வேண்டுமென்பதில் ஐயமில்லை. ஊர்ப்பற்றினாற் பொய்யான ஆராய்ச்சிக்குப் பொருள் கொடுத்தல் பாவம். ஆயின் எவ்வினா முதன்மையானது என்பதைத் திறமை தானாகத் தீர்மானிப்பதில்லை, இடம் தீர்மானிக்கின்றது. மலேரியாவை நுளம்பு பரப்பும் வழியை 1897இல் செக்கந்தராபாத்திலே றொனால்ட் றொஸ் கண்டார். சில வாரத்துள் அரசாங்கம் அவரை மலேரியா மிக அருகிய கேர்வாரா என்னும் ஊருக்கு மாற்றிற்று. திறமை அவரோடு சென்றது. நோய் பின்னே நின்றுவிட்டது. மாதங்கள் பல கழிந்த பின்னரே கல்கத்தாவில் அவ்வாராய்ச்சி தொடர்ந்தது.

செய்யத்தக்கன

மூன்று காரியங்களை நாம் கேட்டல் வேண்டும். ஒன்று, 1990இன் அறிக்கை சொன்ன நூற்றுக்கு 2 பங்கை நம் அரசாங்கம் சுகாதாரச் செலவிலே ஒதுக்குதல். இரண்டு, அதில் ஒரு பகுதி மாகாணங்களின் நீர், மண், தொழில் ஆகியவற்றாற் பிறக்கும் நோய்களுக்கென, ஆண்டுதோறும் அறாது, பத்தாண்டுக்குக் குறையாது வழங்கப்படுதல். மூன்று, பொதுப் பணத்தால் நடந்த ஆராய்ச்சி ஒவ்வொன்றின் முடிவும் தமிழிலும் சிங்களத்திலும் ஊரார்க்கு விளங்க எழுதி வழங்கப்படுதல். இன்று விண்ணப்பமும் ஆங்கிலம், அறிக்கையும் ஆங்கிலம். கிணற்று நீரைப் போத்தலில் அள்ளிக் கொடுத்த வீட்டுக்காரிக்கு அந்நீர் நன்றோ தீதோ என்பது தெரிவதில்லை. வேற்று நாட்டிலிருந்து வந்த கிறீன் தமிழிலே எழுதினார் என்றால், நம்மவர்க்கு அது இயலாததன்று. அங்கே தமிழாசிரியர்க்கும் பணி உண்டு. கலைச்சொல் ஆக்குதலும், விஞ்ஞானி எழுதியதை ஊரார் மொழியிற் பெயர்த்தலும் நம் கடன்.

பாடசாலைகள் அரசாங்கத்தை எதிர்பாராமலே தொடங்கத்தக்க காரியமும் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடசாலைக்கும் கிணறு இருக்கின்றது. ஆண்டுக்கு இருமுறை, மாரிக்குப் பின்னும் கோடையின் முடிவிலும், விஞ்ஞான ஆசிரியரின் மேற்பார்வையில் மாணாக்கர் அந்நீரின் ஆழத்தையும் உவரையும் நைத்திரேற்றையும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவாராயின், பத்தாண்டிலே குடாநாட்டு நீரின் வரலாறு நம் கையிலிருக்கும். நைத்திரேற்று அளக்கும் சோதனைத் தாளின் விலை பெரிதன்று. மானியம் கேட்டு விண்ணப்பம் எழுதும் நாளில், எங்கள் ஊர் நீர் கெட்டது என்று முறையிடுதலிலும், எங்கள் ஊர் நீர் இத்தனை ஆண்டில் இத்தனை அளவு மாறிற்று என்று கணக்கை முன்வைத்தல் வலிமை உடையது. அக்குறிப்பேட்டின் முதற் பக்கத்தை இவ்வாண்டு மாரி ஓய்ந்தவுடனே எழுதலாம்.